நன்னீர் அமீபா – பாக்டீரியா இணைவாழ்வு

நன்னீர் அமீபா – பாக்டீரியா இணைவாழ்வு என்பது ஏரி, குளம், குட்டை, ஓடை போன்ற உப்பில்லா நீர்நிலைகளில் வாழும் அமீபாக்களின் உடலுக்குள் பாக்டீரியாக்கள் செரிக்கப்படாமல் நிலைத்து வாழ்வதையும், அதனால் இரண்டுக்கும் இடையே உருவாகும் உறவையும் குறிக்கும். பாக்டீரியா அமீபாவின் அன்றாட உணவு. ஆயினும் சில பாக்டீரியாக்கள் விழுங்கப்பட்ட பின்னும் சாவதில்லை. அமீபாவின் உள்ளேயே தங்கிப் பெருகுகின்றன. அவற்றுள் சில அமீபாவைக் கொன்றுவிடுகின்றன. சில பெருந்தீங்கின்றி உடன் வாழ்கின்றன. சில காலப்போக்கில் அமீபாவின் உறுப்பு போலவே மாறிவிடுகின்றன. அதன்பின் அவை இல்லாமல் அமீபாவால் வாழ முடிவதில்லை.

இந்த உறவு இரண்டு காரணங்களால் முக்கியமானது. மனித உடலின் செல்களில் உள்ள மைட்டோகாண்ட்ரியாவும் தாவரச் செல்களில் உள்ள பசுங்கணிகமும் ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியாக்களே என்னும் கருத்தை விளங்கிக்கொள்ள இது உதவுகிறது. மேலும், மனிதருக்கு நோய் தரும் சில பாக்டீரியாக்கள் அமீபாக்களுக்குள் பதுங்கி வாழ்வதால், குடிநீர்ப் பாதுகாப்போடும் இது தொடர்புடையது.

சொல் விளக்கம்

வெவ்வேறு இனத்தைச் சேர்ந்த உயிர்கள் நெருங்கி இணைந்து வாழ்வதை இணைவாழ்வு அல்லது கூட்டுயிர் வாழ்க்கை என்பர். ஜெர்மானியத் தாவரவியலாளர் ஆண்டன் டி பாரி 1879இல் இக்கருத்தை வரையறுத்தார். அவருடைய வரையறையில் 'இருவருக்கும் நன்மை' என்னும் நிபந்தனை இல்லை. வேறுபட்ட உயிர்கள் சேர்ந்து வாழ்ந்தாலே அது இணைவாழ்வுதான். அதன்படி ஒட்டுண்ணி வாழ்க்கையும் இதில் அடங்கும். பள்ளிப் பாடங்களில் இணைவாழ்வு என்பது பெரும்பாலும் பரஸ்பர நன்மை என்னும் பொருளில் மட்டும் பயன்படுவதால் இந்த வேறுபாட்டை நினைவில் கொள்ள வேண்டும்.

இடம் தரும் உயிரை ஓம்புயிர் என்றும், உள்ளே தங்கும் உயிரை உள்ளுறை கூட்டுயிரி என்றும் அழைப்பர். இக்கட்டுரையில் ஓம்புயிர் அமீபா, கூட்டுயிரி பாக்டீரியா.

அமீபா என்பது ஒரே ஓர் உயிரினத்தின் பெயரன்று. உடலின் வடிவத்தை மாற்றி, போலிக்கால்களை நீட்டி நகரும் பல்வேறு ஒருசெல் உயிர்களுக்கு அது பொதுப்பெயர். அவற்றுள் சில ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவுகூட இல்லாதவை. பாடநூல்களில் படமாக வரும் அமீபா புரோட்டியஸ் அவற்றுள் ஒன்று. இவ்வகை அமீபாவை ஜெர்மனியைச் சேர்ந்த ரோசல் ஃபான் ரோசன்ஹோஃப் 1755இல் முதன்முதலாக விவரித்தார்.

வாழிடம்

நன்னீர் எங்கு தேங்குகிறதோ அங்கெல்லாம் அமீபாக்களுக்கு இடம் உண்டு. ஒரே வட்டாரத்தில் எத்தனை வகை நன்னீர் வாழிடங்கள் இருக்கக்கூடும் என்பதற்குக் கல்வராயன் மலையும் அதன் அடிவாரமும் நல்ல எடுத்துக்காட்டு. கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான இம்மலை, கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கே சேலம் மாவட்டத்திலும் பரவியுள்ளது. மேகம் அருவி, பெரியார் அருவி போன்ற அருவிகள் இங்கு உள்ளன. கோமுகி ஆறு இம்மலையில் தோன்றி, கச்சிராயபாளையம் அருகே கோமுகி அணையில் தேங்கி, பின் சமவெளியின் வயல்களுக்குப் பாய்கிறது.

அருவி விழும் வேகமான நீரில் அமீபா தங்குவது கடினம். ஆனால் ஓடையின் ஓரத்தில் சருகுகள் ஊறிக் கிடக்கும் தேங்கல்கள் அதற்கு ஏற்றவை. சருகு மட்கும்போது பாக்டீரியா பெருகும். பாக்டீரியாவை உண்ணும் சிறு உயிர்கள் பெருகும். அவற்றை உண்ண அமீபா வரும். ஏரியின் அடியில் காற்றோட்டமற்ற கருஞ்சேறு உண்டு. அங்கு ஆக்சிஜன் மிகக் குறைவாக இருந்தாலும் வாழத் தெரிந்த அமீபாக்கள் வேறு. நெல்வயலின் தேங்கிய நீர், பாசனக் கிணறு, வீட்டின் மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி ஆகியவையும் நன்னீர் வாழிடங்களே. கோடையில் ஏரியும் குட்டையும் வற்றும்போது பல அமீபாக்கள் தம்மைச் சுற்றிக் கடினமான உறை அமைத்து உறைநிலைக்குச் செல்கின்றன. இதைச் சிஸ்ட் என்பர். மழை வந்து நீர் தேங்கியதும் உறையிலிருந்து வெளிவந்து மீண்டும் உண்ணத் தொடங்குகின்றன.

உண்ணுதலும் உயிர்தப்புதலும்

அமீபா பாக்டீரியாவைக் கண்டதும் போலிக்கால்களால் அதைச் சூழ்ந்து விழுங்குகிறது. விழுங்கிய பாக்டீரியா ஒரு சவ்வுப் பைக்குள் அடைபடும். இது உணவுக் குமிழி எனப்படும். பிறகு செரிமான நொதிகள் நிறைந்த லைசோசோம்கள் உணவுக் குமிழியோடு இணைகின்றன. குமிழியின் உட்புறம் அமிலமாகிறது. நொதிகள் பாக்டீரியாவைச் சிதைக்கின்றன. கிடைக்கும் சத்து செல்லுக்குள் செல்கிறது, எஞ்சியது வெளியேற்றப்படுகிறது.

உள்ளே தங்கி வாழும் பாக்டீரியாக்கள் இந்த வரிசையை ஏதாவது ஓர் இடத்தில் முறிக்கின்றன. அவற்றின் வழிகள் மூன்று.

முதலாவது, லைசோசோம் வந்து இணையாதபடி உணவுக் குமிழியின் சவ்வையே மாற்றி அமைப்பது. இரண்டாவது, அமிலத்தையும் நொதியையும் தாங்கும் உறுதியான செல்சுவரைக் கொண்டிருப்பது. மூன்றாவது, குமிழியை உடைத்துக்கொண்டு சைட்டோபிளாசத்துக்குள் தப்பிச் செல்வது.

அமீபாக்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பாக்டீரியாக்களை உண்டு வருகின்றன. ஆகவே இந்தத் தப்பும் வழிகளும் நெடுங்காலமாக உருவாகி வந்தவை.

அளவைப் பொறுத்தவரை, அமீபாவுக்குள் இடப்பற்றாக்குறை இல்லை. அரை மில்லிமீட்டர் நீளமுள்ள ஓர் அமீபா, இரண்டு மைக்ரோமீட்டர் நீளமுள்ள பாக்டீரியாவைப் போல 250 மடங்கு நீளமானது. பாக்டீரியாவை ஆறு மில்லிமீட்டர் நீளமுள்ள அரிசியாக எண்ணிக்கொண்டால், அமீபா ஒன்றரை மீட்டர் நீளமுள்ள சாக்குப்பையாக இருக்கும்.

ஜியோனின் அமீபா

ஓர் உறவு பகையில் தொடங்கிப் பிரிக்க முடியாத சார்பாக மாறியதை அறிவியலாளர்கள் நேரில் பார்த்த நிகழ்வுகள் மிகக் குறைவு. அவற்றுள் புகழ்பெற்றது, கொரியாவில் பிறந்த அமெரிக்க உயிரியலாளர் குவாங் ஜியோன் கண்டறிந்தது.

1966இல் அவர் அமெரிக்காவின் பஃபலோ நகரில் பணியாற்றியபோது, ஆய்வகத்தில் வளர்த்துவந்த அமீபா புரோட்டியஸின் 'டி' என்னும் வகையில் தொற்று ஒன்று பரவியிருப்பதைக் கவனித்தார். ஒவ்வோர் அமீபாவுக்குள்ளும் கோல் வடிவப் பாக்டீரியாக்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் அளவுக்கு நிறைந்திருந்தன. தொற்றுற்ற அமீபாக்கள் சிறுத்தன, மெதுவாக வளர்ந்தன, சிறிது பட்டினி கிடந்தாலும் மடிந்தன. பெரும்பாலானவை அழிந்தன.

வழக்கமாக, கெட்டுப்போன வளர்ப்பைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குவார்கள். ஜியோன் அவ்வாறு செய்யவில்லை. பிழைத்த அமீபாக்களைத் தொடர்ந்து பேணி வளர்த்தார். அவை தலைமுறை தலைமுறையாகப் பிரிந்து பெருகின. பாக்டீரியாக்களின் எண்ணிக்கை குறைந்து ஓர் அமீபாவுக்கு ஏறத்தாழ 42,000 என்னும் அளவில் நிலைபெற்றது. முன்பு சொன்ன அரிசிக் கணக்கில் இது ஒரு கிலோ அரிசிக்கும் குறைவே. அமீபாக்களின் வளர்ச்சியும் சீரானது. பாக்டீரியாவுக்குப் பெயர் தெரியாததால் அதை 'எக்ஸ் பாக்டீரியா' என்றும், அதைச் சுமந்த அமீபா வகையை 'எக்ஸ்-டி' என்றும் அழைத்தனர்.

சார்பு வெளிப்பட்ட விதம்

தொற்று தொடங்கி ஐந்தாறு ஆண்டுகளுக்குள் எக்ஸ்-டி அமீபாக்கள் நலமாக வாழ்ந்தன. அவை பாக்டீரியாவைப் பொறுத்துக்கொள்ளப் பழகிவிட்டனவா, அல்லது பாக்டீரியா இல்லாமல் வாழவே முடியாத நிலைக்கு வந்துவிட்டனவா என்பதை அறிய ஜியோன் உட்கரு மாற்றுச் சோதனையைக் கையாண்டார். அமீபாவின் உட்கரு பெரியது. நுண்ணிய கருவியால் அதை ஒரு செல்லிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற முடியும்.

எக்ஸ்-டி அமீபாவின் உட்கருவை எடுத்து, உட்கரு நீக்கப்பட்ட டி அமீபாவுக்குள் வைத்தார். டி அமீபாவின் சைட்டோபிளாசத்தில் எக்ஸ் பாக்டீரியா கிடையாது. அந்தச் செல்கள் பிழைக்கவில்லை. ஆனால் அவை சாகும் முன் எக்ஸ் பாக்டீரியாவை உள்ளே செலுத்தியபோது பிழைத்துக்கொண்டன. எக்ஸ்-டி அமீபாவின் உட்கரு, பாக்டீரியா உடனிருந்தால்தான் இயங்கும் நிலைக்கு மாறிவிட்டது என்பது இதனால் தெளிவானது. வெப்பச் சோதனையும் இதையே காட்டியது. வளர்ப்பு வெப்பநிலையை 26.5 டிகிரி செல்சியசுக்கு உயர்த்தினால் உள்ளிருக்கும் பாக்டீரியாக்கள் அழிகின்றன. டி அமீபா அந்த வெப்பத்தைத் தாங்குகிறது. எக்ஸ்-டி அமீபா தன் பாக்டீரியாக்களை இழந்து தானும் இறக்கிறது.

இம்முடிவுகள் 1972இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தன. பின்னர் டென்னசி பல்கலைக்கழகத்தில் ஜியோன் இதை மீண்டும் செய்து காட்டினார். டி அமீபாவுக்கு வேண்டுமென்றே எக்ஸ் பாக்டீரியாவைத் தொற்றவைத்தபோது, சுமார் 18 மாதங்களில், அதாவது ஏறத்தாழ 200 தலைமுறைகளில், அதே சார்பு உருவானது.

மரபணு அளவில் நிகழ்ந்த மாற்றம்

பிற்கால ஆய்வுகள் இந்தச் சார்பின் உட்புறத்தை ஓரளவு காட்டின. செல்லின் பல வேதிவினைகளுக்கு மெத்தில் தொகுதியை வழங்கும் சேர்மம் ஒன்றைத் தயாரிக்கும் நொதி அமீபாவில் உண்டு. டி அமீபாவில் அதற்கான மரபணு ஒன்று இயங்குகிறது. எக்ஸ்-டி அமீபாவில் அது ஓய்ந்துவிட, அதே பணிக்கான வேறொரு மரபணு இயங்கத் தொடங்குகிறது. அமீபாவின் எந்த மரபணு பேச வேண்டும், எது ஓய வேண்டும் என்பதில் உள்ளே தங்கிய பாக்டீரியாவுக்கும் பங்கு உண்டு என்பது இதன் பொருள்.

2004இல் எக்ஸ் பாக்டீரியாவின் மரபணுவை ஆராய்ந்தபோது அது லெஜியோனெல்லா பேரினத்தைச் சேர்ந்தது எனத் தெரிந்தது. ஜியோனின் நினைவாக அதற்கு லெஜியோனெல்லா ஜியோனி என்னும் பெயர் முன்மொழியப்பட்டது. மனிதருக்குக் கொடிய நிமோனியாவைத் தரும் பாக்டீரியாவும் இதே பேரினத்தைச் சேர்ந்ததுதான். அது பின்னர் விளக்கப்படுகிறது.

பாலினெல்லா: உண்பதை நிறுத்திய அமீபா

ஜியோனின் அமீபா சில ஆண்டுகளில் நடந்ததைக் காட்டுகிறது. அத்தகைய உறவு பல கோடி ஆண்டுகள் தொடர்ந்தால் என்ன ஆகும் என்பதைப் பாலினெல்லா குரோமடோஃபோரா காட்டுகிறது. இது நன்னீர் நிலைகளின் அடிப்படிவில் வாழும் மிகச் சிறிய அமீபா. சிலிக்காவாலான செதில்களை அடுக்கி அமைத்த ஓடு இதன் உடலை மூடியிருக்கும். ஜெர்மனியில் ரைன் ஆற்றுப் பகுதியில் ராபர்ட் லாட்டர்போர்ன் இதனைக் கண்டறிந்து 1895இல் விவரித்தார். ஓட்டுக்குள் நீலப்பச்சை நிறத்தில் வளைந்த குடல்போன்ற இரண்டு உறுப்புகள் இருந்ததை அவர் கவனித்தார். இவை நிறத்தாங்கிகள் எனப்படும்.

இந்த நிறத்தாங்கிகள் சயனோபாக்டீரியா எனப்படும் நீலப்பச்சைப் பாக்டீரியாவின் வழித்தோன்றல்கள். ஏறத்தாழ 9 கோடி முதல் 14 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு மூதாதை அமீபா விழுங்கிய பாக்டீரியா செரிக்கப்படாமல் நிலைத்தது எனக் கணித்துள்ளனர். இன்று பாலினெல்லா குரோமடோஃபோரா இரை பிடித்து உண்பதில்லை. சூரிய ஒளியில் நிறத்தாங்கிகள் தயாரிக்கும் உணவே அதற்குப் போதும். செல் பிரியும்போது சேய்ச்செல் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தாங்கி செல்கிறது. பிறகு அது இரண்டாகப் பிரிந்து எண்ணிக்கை சரியாகிறது. இரு உயிர்களின் இனப்பெருக்கமும் ஒரே தாளத்துக்கு வந்துவிட்டது.

2008இல் நிறத்தாங்கியின் மரபணுத்தொகுதி முழுவதும் படிக்கப்பட்டது. அதில் ஏறத்தாழ 10 லட்சம் கார இணைகளும் புரதங்களுக்கான 867 மரபணுக்களும் இருந்தன. தனித்து வாழும் உறவினப் பாக்டீரியாக்களில் இதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு மரபணுப் பொருள் உண்டு. பாதுகாப்பான இடத்தில் தேவைப்படாத மரபணுக்கள் காலப்போக்கில் அழிந்தன. 30க்கும் மேற்பட்ட மரபணுக்கள் நிறத்தாங்கியிலிருந்து அமீபாவின் உட்கருவுக்கு இடம் மாறியுள்ளன. அவற்றுள் சிலவற்றின் கட்டளைப்படி உருவாகும் புரதங்கள் நிறத்தாங்கிக்குள் திரும்ப அனுப்பப்படுகின்றன. தன் புரதங்களுக்காக அமீபாவை நம்பியிருக்கும் நிறத்தாங்கியால் இனி வெளியே சென்று வாழ முடியாது.

செல்லின் தோற்றத்தோடு தொடர்பு

பசுங்கணிகங்கள் கூட்டுயிரிகளாகத் தொடங்கியவை என்னும் கருத்தை ரஷ்ய உயிரியலாளர் மெரஷ்கோவ்ஸ்கி 1905இலேயே முன்வைத்தார். நெடுங்காலம் அது ஏற்கப்படவில்லை. அமெரிக்க உயிரியலாளர் லின் மார்குலிஸ் 1967இல் மைட்டோகாண்ட்ரியாவையும் பசுங்கணிகத்தையும் இணைத்து அக்கருத்துக்கு விரிவான வடிவம் தந்தார். இவ்வுறுப்புகளுக்குச் சொந்த டி.என்.ஏ உண்டு, பாக்டீரியாவில் உள்ளதை ஒத்த ரைபோசோம்கள் உண்டு, பாக்டீரியாவைப் போலவே இவை இரண்டாகப் பிரிந்து பெருகும். பின்னர் மரபணு ஒப்பீடுகள் இக்கருத்தை உறுதிசெய்தன.

மைட்டோகாண்ட்ரியாவின் தோற்றம் நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைய நிகழ்ச்சி. மனிதரின் மைட்டோகாண்ட்ரியாவில் இன்று 37 மரபணுக்களே எஞ்சியுள்ளன. அந்த நிகழ்ச்சியை எவராலும் திரும்பிப் பார்க்க இயலாது. அதனால்தான் அமீபாக்கள் இங்கு முக்கியம் பெறுகின்றன. எக்ஸ்-டி அமீபா தொடக்கக் கட்டத்தையும், பாலினெல்லா நடுக்கட்டத்தையும், நம் உடலின் மைட்டோகாண்ட்ரியா நெடுந்தொலைவு சென்ற கட்டத்தையும் காட்டுகின்றன. இவை மூன்றும் ஒன்றிலிருந்து ஒன்று வந்தவையல்ல. ஒரே வகைப் பாதையின் வெவ்வேறு தொலைவுகள்.

பெலோமிக்சா: சேற்றில் ஒரு கூட்டுக்குடும்பம்

பெலோமிக்சா பலுஸ்ட்ரிஸ் என்பது குளங்களின் அடிச்சேற்றில் வாழும் பெரிய அமீபா. 1874இல் விவரிக்கப்பட்ட இது சில மில்லிமீட்டர் வரை வளரும். வெறும் கண்ணுக்கே தெரியும். ஒரே செல்லில் பல உட்கருக்கள் உண்டு. ஆக்சிஜனைப் பயன்படுத்தி ஆற்றல் தரும் வழக்கமான மைட்டோகாண்ட்ரியா இதில் இல்லை.

இந்த அமீபாவுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட வகை நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவற்றுள் மீத்தேன் வாயுவை உருவாக்குபவையும் உண்டு. மீத்தேன் உருவாக்கிகள் தோற்றத்தில் பாக்டீரியாவைப் போல இருந்தாலும் ஆர்க்கியா என்னும் தனிப்பிரிவைச் சேர்ந்தவை. ஆக்சிஜனற்ற சூழலில் உணவு சிதையும்போது ஹைட்ரஜன் போன்ற கழிவுகள் உண்டாகும். அவை தேங்கினால் சிதைவு தடைபடும். மீத்தேன் உருவாக்கிகள் ஹைட்ரஜனைப் பயன்படுத்திக்கொள்வதால் ஒருவரின் கழிவு மற்றவரின் உணவாகிறது. மாட்டின் இரைப்பையிலும் சாண எரிவாயுக் கலனிலும் நடப்பது இதே வகை ஏற்பாடுதான்.

மைட்டோகாண்ட்ரியா தோன்றுவதற்கு முந்திய காலத்து உயிர் என்று பெலோமிக்சாவை முன்னர் கருதினர். அதன் மூதாதையர் மைட்டோகாண்ட்ரியா உள்ளவர்களாகவே இருந்து, ஆக்சிஜனற்ற சேற்றுக்குப் பழகியபோது அதை இழந்தனர் என்பதே இன்றைய விளக்கம்.

அகாந்தமீபா: நோய்க்கிருமிகளின் பயிற்சிக்களம்

அகாந்தமீபா நீர், மண், தூசி, தண்ணீர்த் தொட்டி, குழாய் ஆகிய எல்லா இடங்களிலும் காணப்படும் சிறிய அமீபா. முள் போன்ற மெல்லிய நீட்சிகளால் இப்பெயர் பெற்றது. இரட்டைச் சுவர் கொண்ட இதன் சிஸ்ட், வறட்சியையும் குளோரினையும் நன்கு தாங்கும். 1993இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பரிசோதித்த அகாந்தமீபா மாதிரிகளுள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கில் உள்ளுறை பாக்டீரியாக்கள் இருந்தன.

1976 ஜூலையில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் முன்னாள் படைவீரர்களின் மாநாடு ஒன்று நடந்தது. அதற்கு வந்தவர்களுள் 182 பேர் நிமோனியா போன்ற நோய்க்கு ஆளாகி, 29 பேர் இறந்தனர். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் அதற்குக் காரணமான பாக்டீரியா கண்டறியப்பட்டது; பின்னர் அதற்கு லெஜியோனெல்லா நியூமோஃபிலா எனப் பெயரிடப்பட்டது. ஆய்வகத்தில் எளிதில் வளராத இப்பாக்டீரியா இயற்கையில் எப்படிப் பெருகுகிறது என்பது புதிராக இருந்தது. இங்கிலாந்தைச் சேர்ந்த ரௌபாதம் என்பவர் 1980இல் விடை தந்தார். அது நன்னீர் அமீபாக்களுக்குள் பெருகுகிறது.

விழுங்கப்பட்ட லெஜியோனெல்லா சுமார் 300 வகைப் புரதங்களை அமீபாவின் சைட்டோபிளாசத்துக்குள் செலுத்துகிறது. அவை லைசோசோமைத் தடுத்து, குமிழியைப் பாக்டீரியா பெருகும் அறையாக மாற்றுகின்றன. இறுதியில் அமீபா வெடித்து, நூற்றுக்கணக்கான பாக்டீரியாக்கள் நீரில் கலக்கின்றன. மனித நுரையீரலில் கிருமிகளை விழுங்கி அழிக்கும் பெருவிழுங்கு செல்களும் அமீபாவைப் போன்றே செயல்படுபவை. ஆகவே அமீபாவிடம் உருவான அதே தந்திரம் அங்கும் பலிக்கிறது. லெஜியோனெல்லாவுக்கு மனிதர் குறியல்ல. நோயாளியிடமிருந்து மற்றொருவருக்கு இது பெரும்பாலும் பரவுவதில்லை. நீர்த்துளிகளாகச் சிதறும் தண்ணீரை மூச்சில் இழுப்பதே தொற்றும் வழி.

அமீபா பாக்டீரியாவுக்குக் கவசமாகவும் ஆகிறது. சிஸ்டுக்குள் இருந்த லெஜியோனெல்லா, லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரினையும் தாங்கியதை 1990இல் ஆய்வாளர்கள் காட்டினர். குடிநீரில் எஞ்சியிருக்க வேண்டிய குளோரின் இந்தியத் தரநிலையின்படி குறைந்தது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம். ஒப்பிட்டால் அது 250 மடங்கு.

எல்லாக் கூட்டுயிரிகளும் பகைவர்கள் அல்ல. பாராகிளமிடியா என்னும் பாக்டீரியா அகாந்தமீபாவுக்குள் நெடுங்காலம் தங்கி வாழ்கிறது. அதனால் அமீபாவின் வளர்ச்சி சற்றுக் குறைவதுண்டு. ஆனால் வியன்னா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, இத்தகைய கூட்டுயிரியைக் கொண்ட அமீபாக்கள் லெஜியோனெல்லா தொற்றிலிருந்து பிழைத்தன; கூட்டுயிரி இல்லாதவை அழிந்தன. வாடகை வாங்காமல் தங்கவிட்ட குடியிருப்பாளர் வீட்டுக்குக் காவலாகவும் இருப்பதைப் போன்றது இது. லெஜியோனெல்லா இல்லாத நீரில் அதே பாக்டீரியா வெறும் சுமை. ஓர் உறவு நன்மையா தீமையா என்பதைச் சூழலும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

தமிழ்நாட்டில் இதன் முக்கியத்துவம்

அகாந்தமீபா நேரடியாகவும் நோய் தரும். கண்ணின் கருவிழியில் அது புண்ணை உண்டாக்கும். மேலைநாடுகளில் இது பெரும்பாலும் கண்ணின் மேல் பொருத்தும் வில்லைகளைச் சரியாகத் தூய்மைசெய்யாதவர்களுக்கு வருகிறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிலிருந்து 1990இல் வெளியான ஆய்வு, அத்தகைய வில்லை அணியாதவர்களுக்கும் இந்நோய் வருவதை விவரித்தது. அதே மருத்துவமனையில் 1994இல் மூன்று மாதங்களில் ஆராயப்பட்ட 434 கருவிழிப் புண் நோயாளிகளில் பெரும்பாலோருக்குப் பாக்டீரியாவோ பூஞ்சையோ காரணம். அகாந்தமீபா உறுதியானவர்கள் மூவர் மட்டுமே. எண்ணிக்கை சிறிதானாலும் நோய் கடினமானது. வேறு தொற்று எனத் தவறாகக் கருதப்பட்டுச் சிகிச்சை தாமதமாவதுண்டு. தாமதமானால் பார்வை பறிபோகலாம். உள்ளே பாக்டீரியாவைக் கொண்ட அகாந்தமீபா, செல்களைக் கூடுதலாகச் சிதைப்பதை ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன.

நெல்லும் கரும்பும் மரவள்ளியும் விளையும் கள்ளக்குறிச்சி போன்ற பகுதிகளில் அறுவடையின்போது கண்ணில் தூசியோ தோகையோ படுவது சாதாரணம். அவ்வேளையில் வாய்க்கால் நீரையோ குட்டை நீரையோ அள்ளிக் கண் கழுவுவதைத் தவிர்க்க வேண்டும். காய்ச்சி ஆறவைத்த நீரைப் பயன்படுத்துவது நல்லது. சிவப்பும் வலியும் நீடித்தால் கைமருத்துவத்தில் நாள் கடத்தாமல் கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

மாடித் தொட்டியில் குளோரின் இட்டால் மட்டும் போதாது என்பதையும் அமீபா – பாக்டீரியா உறவு உணர்த்துகிறது. தொட்டியின் சுவரிலும் அடியிலும் படியும் வழுவழுப்பான படலம் பாக்டீரியாக்களின் கூட்டம். அமீபாக்கள் மேயும் இடமும் அதுவே. அதைத் தேய்த்துக் கழுவி அகற்றிய பிறகே குளோரின் முழுப் பயன் தரும்.

கேரளத்தில் அண்மை ஆண்டுகளில் செய்திகளில் இடம்பெற்ற அமீபா மூளைக்காய்ச்சல் நெக்லேரியா ஃபௌலரி என்னும் வேறோர் அமீபாவோடும் தொடர்புடையது. அது மூக்கின் வழியே மூளையை அடைகிறது. அழுக்கான நீரைக் குடிப்பதால் அது வருவதில்லை.

பள்ளியில் காணும் முறை

அகன்ற வாயுள்ள கண்ணாடிச் சீசாவில் குட்டையின் ஓரத்து நீரையும் ஊறிய சருகுகள் சிலவற்றையும் எடுத்து, இரண்டு மூன்று அரிசிமணிகளை இட்டு, இறுக்கி மூடாமல் நிழலில் சில நாட்கள் வைக்க வேண்டும். அரிசி பாக்டீரியாவை வளர்க்கும். பாக்டீரியா மற்ற சிற்றுயிர்களை வளர்க்கும். அடியில் படியும் பழுப்புப் படலத்தைச் சொட்டுக்குழாயால் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் இட்டு, முதலில் குறைந்த உருப்பெருக்கத்திலும் பிறகு அதிக உருப்பெருக்கத்திலும் பார்க்க வேண்டும். அமீபா மெதுவாக நகர்வதால் பொறுமை தேவை. ஒளியைக் குறைத்தால் உடல் விளிம்பு தெளிவாகத் தெரியும்.

பள்ளி நுண்ணோக்கியில் போலிக்கால்களையும் உணவுக் குமிழிகளையும் காணலாம். உள்ளே தெரியும் துகள்களில் எது உணவு, எது கூட்டுயிரி எனப் பிரித்தறிய அதனால் முடியாது. அதற்கு ஒளிரும் சாயங்களும் மின்னணு நுண்ணோக்கியும் மரபணுச் சோதனையும் தேவை. நீர் எடுக்கும்போது முகத்தை நீரில் வைக்கக்கூடாது. பணி முடிந்ததும் கைகளைச் சோப்பால் கழுவ வேண்டும். கழுவும் முன் கண்ணைத் தொடக்கூடாது.

பொதுவான தவறான கருத்துகள்

'அமீபா என்றாலே வயிற்றுப்போக்குக் கிருமி.' அமீபிய சீதபேதியைத் தருவது எண்டமீபா ஹிஸ்டோலிடிகா. நீர்நிலைகளில் தனித்து வாழும் அமீபாக்களில் மிகப் பெரும்பாலானவை மனிதருக்குத் தீங்கற்றவை. அவை பாக்டீரியாவை உண்டு நீர்நிலையின் உணவுச் சங்கிலியைத் தாங்குகின்றன.

'இணைவாழ்வு என்றால் இரு தரப்பும் விரும்பிச் செய்யும் ஒப்பந்தம்.' அமீபாவுக்கோ பாக்டீரியாவுக்கோ விருப்பம் என ஒன்று இல்லை. எந்தச் சேர்க்கை பிழைத்துப் பெருகியதோ அது எஞ்சியது. ஜியோனின் அமீபாக்களில் பெரும்பாலானவை அழிந்தன என்பதை மறக்கக்கூடாது.

'நீண்ட நாள் பழகினால் எல்லா ஒட்டுண்ணியும் நண்பனாகிவிடும்.' அவ்வாறில்லை. லெஜியோனெல்லா நியூமோஃபிலா இன்றும் தான் தங்கிய அமீபாவைக் கொன்றே வெளியேறுகிறது. கொன்றாலும் அடுத்த அமீபா எளிதில் கிடைக்கும்வரை பாக்டீரியாவுக்கு இழப்பில்லை. தாய்ச்செல்லிலிருந்து சேய்ச்செல்லுக்கு மட்டுமே செல்லக்கூடிய பாக்டீரியாவின் நிலை வேறு. அதற்கு அமீபாவின் வாழ்வே தன் வாழ்வு. அத்தகைய பாதையில்தான் பாலினெல்லாவின் நிறத்தாங்கியும் நம் செல்களின் மைட்டோகாண்ட்ரியாவும் வந்தன.